கோடை விடுமுறையும் காசு கேட்காத விளையாட்டும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடத்து வாயிற்கதவில் பூட்டு ஏறிய நாள் முதல், ஜூன் மாதத் தொடக்கத்தில் அது மறுபடி திறக்கப்படும் நாள் வரையில், தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை ஒரே விசாரம் பற்றிக்கொள்கிறது: வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பொழுதை, கைப்பொருளை அதிகம் கரைக்காமல், எப்படிக் கழிப்பது? மாதச் சம்பளத்தையோ அன்றாடக் கூலியையோ நம்பிக் காலட்சேபம் செய்யும் குடும்பங்களுக்கு, அடுத்த வகுப்புக்குரிய கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் பணம் ஒதுக்கவேண்டிய தருணமும் இதுவே. போதாக்குறைக்கு, மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய 25 நாள் நீடிக்கும் அக்கினி நட்சத்திரம், முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கும்படி செய்துவிடுகிறது. ஆகவே இந்தப் பிரச்சினையை அற்பமென்று ஒதுக்காமல், அதற்கு நம்மிடையே வழங்கிவந்த உபாயங்கள் எவை, அவற்றில் இன்றைக்கும் பிரயோஜனப்படக்கூடியவை எவை, அவை கைநழுவிப் போனதற்குக் காரணம் யாது என்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

இக்காலத்தில் நகரவாசிகளுக்கு முதலில் தோன்றும் உபாயம் கோடை முகாம். நீச்சல், ஓவியம், கராத்தே, கணிப்பொறி என்று தனித்தனியே கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் இம்முகாம்களால் பிள்ளைகளுக்கு நன்மை இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு குழந்தைகள் உள்ள சாமானியக் குடும்பம் ஒன்றுக்கு அந்தக் கட்டணம் எட்டாக் கனியாகவே இருக்கிறது. அரசாங்கத்தின் கலை பண்பாட்டுத் துறையைச் சார்ந்த ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டும் நடனமும் ஓவியமும் சொற்பக் கட்டணத்தில் கற்பிக்கப்படுவதும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைக்காலப் பயிற்சி நடத்துவதும் பலருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. மாவட்டத் தலைநகரை அடுத்து வசிப்பவர்கள் மார்ச் மாதத்திலேயே இவற்றைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது உபாயம் கைப்பேசி. இது ஒன்றே எல்லாவற்றிலும் மலிவானதாகத் தோன்றுகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, குழந்தையும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருக்கிறது, சமையலும் தையலும் தடையின்றி நடக்கின்றன. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரையின் முன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது, அதற்கும் குறைந்தால் இன்னும் நலம் என்று கூறியிருக்கிறது. பெரிய பிள்ளைகள் விஷயத்தில், நாள் முழுவதும் அதிலேயே ஆழ்ந்திருந்துவிட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்தில் உறக்கம் கெட்டு, எரிச்சல் மிகுந்து அவர்கள் படும் அவஸ்தையைக் கண்ட பெற்றோருக்கு நெறிமுறை எதுவும் தேவையில்லை. வேலைக்குப் போய்த்தான் தீரவேண்டிய தாயாரைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. அவள் கைக்கு எட்டும்படி வேறு எதையும் நாம் விட்டுவைக்கவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

இனி, முன் தலைமுறையினரின் பொழுதுபோக்கைக் கவனிப்போம். உச்சி வெயில் நேரத்துக்கென்றே, நிழலில் அமர்ந்து ஆடத்தக்க ஆட்டங்கள் நம் வீடுகளில் ஏராளமாக இருந்தன. அவற்றுள் தலைமையானது பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து அல்லது ஆறு புளியங்கொட்டைகள் அல்லது சோழிகள். ஒரு குழியிலிருந்து அள்ளியதை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ளதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்து, அப்படி எடுக்கப் போகும்போது குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை அள்ளிக்கொள்வதும், ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதைப் ‘பசு’ என்று குழிக்குரியவர் எடுத்துக்கொள்வதும் பல ஊர்களில் வழங்கும் முறை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, எந்தக் குழியில் தொடங்கினால் எந்தக் குழியில் போய் முடியும் என்று, விரல் நுனியால் குழிகளைத் தொட்டும் தொடாமலும் கணக்கிடுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர்கள், கூட்டலும் கழித்தலும் அவள் மனத்தில் எவ்வளவு விரைவாக நடக்கின்றன என்பதை உணர்ந்திருப்பார்கள். மரப்பலகை இல்லையென்றால் குறையொன்றுமில்லை. மண் தரையில் குழி பறித்தும், சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டும் ஆடலாம்.

தாயத்துக்கும் அப்படியே. பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில், புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெண்பருப்புத் தெரியச் செய்துவிட்டால் அதுவே கட்டை. தாயம் விழுந்தாலொழியக் காய் இறங்காது என்ற விதியும், எதிரியின் காயை வெட்டினாலொழிய உள்கட்டத்துக்குள் நுழைந்து பழம் எடுக்க முடியாது என்ற விதியும், பொறுமை என்னும் குணத்தைப் பிரசங்கம் செய்யாமலே பழக்கிவிடுகின்றன. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டமோ, பலசாலிகள் மூவரைப் பலவீனர்கள் பலர் ஒன்றுகூடி நகரவிடாமல் அடைக்கும் தந்திரத்தை அடிப்படையாக உடையது. பழங்கோயில்களின் கற்றளங்களில் இதன் கட்டங்கள் வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். இந்த மூன்றையும் பாட்டிமார் இருக்கும் வீட்டில் அவர்களிடமே கற்றுக்கொள்ளும்படி பிள்ளைகளை விட்டுவிடவேண்டும். விதிகளில் ஊருக்கு ஊர் பேதம் உண்டாகையால், அத்தை சொல்லும் விதி சரியா பாட்டி சொல்லும் விதி சரியா என்று எழும் விவாதமே ஒரு பிற்பகலைக் கழித்துவிடும்.

கையால் செய்து விளையாடுபவை மற்றொரு பெரிய வகை. ஏப்ரல் பிறந்ததும் நுங்கு வந்துவிடுகிறது. நுங்கைத் தோண்டித் தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் சொருகி, அந்தக் குச்சியின் நடுவில் நீண்ட கவட்டைக் கம்பைப் பொருத்தித் தள்ளிக்கொண்டு ஓடினால், அதைவிட உத்ஸாகமான வாகனம் எந்தக் கடையிலும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதே பனையின் ஓலையில் இரண்டு துண்டங்களைக் குறுக்கே மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையில் செருகிக்கொண்டு எதிர்காற்றில் ஓடினால் காற்றாடி. முள் இறுக்கமாகக் குத்தப்பட்டால் ஓலை சுற்றாது, தளர்ந்தால் பறந்துவிடும். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பதை ஐந்தாறு ஓலைகள் வீணான பிறகே விரல்கள் அறிந்துகொள்கின்றன. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதும் பீப்பியும், தென்னங்கீற்றில் பின்னும் கைக்கடிகாரமும் பாம்பும், களிமண் சட்டி பானைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. செய்தித்தாளும் விளக்குமாற்று ஈர்க்கும் சோற்றுப்பசையும் இருந்தால் பட்டம் தயார். வாலுக்குக் கந்தல் துணி.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமலிருப்பது தவறு. காட்டாமணக்கின் பாலில் ஊதும் குமிழ்களுக்காகப் பிள்ளைகள் அந்தச் செடியண்டை போவார்கள். அதன் விதைகளோ விஷம். அழகாயிருக்கிறதென்று ஆட்டக் காயாகப் பயன்படுத்தப்படும் குன்றிமணியும் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தானது. சிறு குழந்தை உள்ள வீட்டில் புளியங்கொட்டையே போதும். பட்டத்துக்குச் சாதாரண நூலைத் தவிர வேறெதையும் அனுமதிக்கலாகாது. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல், இருசக்கர வாகனத்தில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிர்களைப் பறித்திருக்கிறது.

வீட்டு வேலையும் விளையாட்டாகக்கூடும் என்பதற்கு, வடாம் போடுவதைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. விடியற்காலையில் பச்சை மிளகாயும் பெருங்காயமும் சீரகமும் சேர்த்துக் கிளறிய அரிசிக் கூழை, சூடு ஆறுமுன் மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்து, அச்சில் பிழிவது பெரியவர்களின் பங்கு; காக்கையை விரட்டுவது பிள்ளைகளின் பங்கு. குடையைப் பிடித்துக்கொண்டு கையில் கம்புடன் காவலிருக்கும் அந்தச் சேனை, காக்கை தின்னும் அளவைவிட அதிகமாகத் தானே தின்றுவிடும் என்பதை எந்தப் பாட்டியும் அறிவாள். பாதி காய்ந்து, மேலே பொருக்காகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும் வடாமின் ருசிக்காகவே அவர்கள் வெயிலைப் பொறுத்துக்கொள்வார்கள். வெயில் ஏறுமுன், ஒன்பது மணிக்குள், அவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டியதுதான் பெரியவர்கள் கவனிக்கவேண்டிய சங்கதி. மாவடு பொறுக்கிக் கழுவுவது, புளி ஆய்ந்து கொட்டை எடுப்பது ஆகியவையும் இப்படிப்பட்டவையே. அந்தக் கொட்டைதான் பிற்பகலில் பல்லாங்குழிக்குப் போகிறது.

ஆகாயம் இன்னும் யாரும் விலை வைக்காத பொருள். சூரியனுடைய வடதிசை, தென்திசைச் சஞ்சாரங்களில், கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஊரிலும் வருஷத்துக்கு இரண்டு நாள் அது சரியாக உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கில் நிகழும் இந்த அதிசயம், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து 24ஆம் தேதி வாக்கில் சென்னையை எட்டுகிறது. அன்று சென்னையில் பகல் 12 மணி 7 நிமிஷம் அளவில், ஒரு தம்ளரைக் கவிழ்த்து மாடியில் வைத்தால், அதுவரை பக்கத்தில் சாய்ந்திருந்த நிழல் சுருங்கிச் சுருங்கித் தம்ளருக்கு அடியிலேயே மறைந்துவிடும். வெயிலில் நிற்கவேண்டிய நேரம் ஐந்து நிமிஷமே. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில் ஒரு குச்சியை நட்டு நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துவரச் சொன்னால், பூமியின் சாய்வைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது தரையிலே கோடாக விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் பிரத்தியட்சமாகக் காண்பார்கள். இரவில் காற்றுக்காக மாடியில் பாய் விரிக்கும் குடும்பங்கள், மே மாதத்து ஒன்பது மணி வானில், வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும், அதில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும் அருந்ததியையும், தெற்கே தாழ்வாக நிற்கும் தென் சிலுவையையும் காட்டிக்கொடுக்கலாம். அருந்ததி யார் கண்ணுக்குத் தெரிகிறாள் என்ற போட்டி கண்பார்வைக்கும் ஒரு சோதனை.

நூலகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் இடைவிடாத முயற்சியால், 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுவது இந்தச் சட்டத்தின் பயனே. எனவே கிளை நூலகத்துப் புத்தகங்களுக்கு ஊரார் ஏற்கெனவே பணம் செலுத்திவிட்டார்கள். போய் எடுத்துக்கொள்வது மட்டுமே பாக்கி. சென்னையில் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று விசேஷப் பிரிவுகள் அமைந்திருக்கின்றன. குளிர்ந்த கூடத்தில் ஒரு முழுப் பகலைக் கழிக்க அவற்றைவிட நல்ல இடம் அந்நகரங்களில் இல்லை. 1947இல் அம்புலிமாமாவும் 1972இல் கோகுலமும் தோன்றி, அழ. வள்ளியப்பா போன்றவர்கள் குழந்தைகளுக்கென்றே எழுதிக் குவித்த காலத்தில், அந்தப் பத்திரிகைகளைச் சேர்த்துத் தைத்துத் தெருத் திண்ணையில் அடுக்கி, நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்ட சிறுவர்கள் பல ஊர்களிலும் இருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு அடியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, வீட்டுக்கு நான்கு புத்தகம் என்று சேர்த்தால், அதே ஏற்பாட்டை ஒரே நாளில் செய்துவிடலாம்.

நீரைப் பற்றியோ கவலையுடன்தான் பேசவேண்டியிருக்கிறது. கிணறு, குளம், கைவிடப்பட்ட கல்குவாரி ஆகியவற்றில் பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி வராத கோடையே இல்லை. தடை விதிப்பதால் மட்டும் இது தீராது; கோடை வெப்பத்தில் நீரைக் கண்ட பிள்ளை அதில் இறங்கத்தான் செய்யும். கிராமங்களில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையை மாமனோ சித்தப்பாவோ பிடித்துக்கொண்டு, பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் பழக்கும் வழக்கம் இருந்தது. குடுக்கைக்குப் பதிலாக இப்போது காலி பிளாஸ்டிக் கேன் வந்திருக்கிறது. மற்றபடி முறை அதேதான். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் நீரில் இறங்கக்கூடாது என்ற ஒரே விதியுடன், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதைக் கற்பிப்பது, விடுமுறையில் ஒரு குடும்பம் செய்யக்கூடிய காரியங்களில் மிக உத்தமமானது.

பிரயாணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் கட்டணமில்லை. பன்னிரண்டு வயதுக்குள் தனிப்படுக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. தாத்தா பாட்டி ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவருவது, செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், எந்த உல்லாச யாத்திரைக்கும் இளைத்ததன்று.

ஆனால் இதுவரை சொன்னவை யாவும், விடுமுறை என்ற ஒன்று உண்மையிலேயே கிடைக்கும் குழந்தைகளைப் பற்றியவை. கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். 1982ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவையும், 2022இல் தொடங்கிய காலை உணவையும் நம்பிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, விடுமுறை என்பது இரண்டு வேளைச் சாப்பாடு நின்றுபோகும் காலம். பசித்த வயிற்றுக்குப் பல்லாங்குழி எப்படி ருசிக்கும்? 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தபோதிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறைகளிலும் அவர்கள் உதவலாம் என்று இடம் வைத்திருக்கிறது. உதவி என்பது எங்கே முடிந்து உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க அந்த வீட்டுக்குள் யாரும் வருவதில்லை. பெண் குழந்தைகளின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. பத்துப் பன்னிரண்டு வயதானதும், தம்பி தெருவில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருக்க, அக்காள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். பாண்டிக்கு ஒரு சில்லும் ஐந்தாங்கல்லுக்கு ஐந்து கூழாங்கற்களும் போதும். அவளுக்கு இல்லாதது நாளுக்கு ஒரு மணி நேரம்.

இவ்வளவையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இது: பழைய விளையாட்டுகள் மலிவாக இருந்ததற்குக் காரணம் புளியங்கொட்டையும் பனையோலையும் மட்டுமன்று, அவற்றை ஆடுவதற்குத் திண்ணையும், வண்டி அதிகம் ஓடாத தெருவும், கோயில் மண்டபமும், அறுப்பு முடிந்த வயலும், ஏரிக்கரை ஆலமரமும், யாரும் வாடகை கேட்காமல் கிடந்தன, தெருவிலுள்ள பெரியவர்கள் அனைவருடைய கண்ணும் எல்லாப் பிள்ளைகள்மேலும் இருந்தது. திண்ணையை இடித்துக் கடையாக்கினோம்; தெருவை மோட்டார் வாகனங்களுக்குக் கொடுத்தோம்; மந்தைவெளியை மனைகளாக விற்றோம்; அடுக்குமாடிக் கட்டடங்களில், பந்து விளையாடக்கூடாது என்று பலகை எழுதி மாட்டினோம். இடத்தை இழந்த பிறகுதான் விளையாட்டை விலைகொடுத்து வாங்கும்படி நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டில் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உரிமை இருக்கிறது, அதை அனுபவிக்க முப்பதடி நிலம் இல்லை.

அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று தேடி அலையவேண்டியதில்லை. ஊர்தோறும், வேப்பமரமும் புங்கமரமும் நிழல் பரப்ப, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் சமையற்கூடமும் உள்ள விசாலமான மைதானம் ஒன்று, வெளியே பூட்டுடன், கோடை முழுவதும் சும்மா கிடக்கிறது, அதுதான் பள்ளிக்கூடம். அதை நாள்தோறும் மாலை நாலரை மணி முதல் ஆறரை மணி வரை திறந்துவைத்து, சத்துணவு அடுப்பில் ஒரு வேளைக்குச் சுண்டலாவது வேகச் செய்தால், பசி, இடம், துணை ஆகிய மூன்று குறைகளும் ஒரே இடத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மாரும் பள்ளிக்கூடம் என்றால் அனுப்புவார்கள். இதற்கு ஆள் கிடைக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். தொற்றுநோய்க் காலத்துக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு, மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொள்ள ஊர்தோறும் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் வசிக்கும் பெண்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பெற்றோர்கள் அடங்கிய மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. அந்தக் குழுவினரும் தலைமையாசிரியரும் வார்டு உறுப்பினரும் மார்ச் மாதத்தில் ஒருநாள் மாலை கூடி அமர்ந்து, சாவி யாரிடம் இருப்பது, தண்ணீர்ப் பானையை நிரப்புவது யார், இருட்டுமுன் கதவைப் பூட்டிக்கொண்டு வருவது யார் என்று தீர்மானித்துவிட்டால், ஏப்ரல் கடைசியிலேயே அந்த மைதானத்தைத் திறந்துவிடலாம்.